உதடு பிளந்து பிறந்த குழந்தை: கிரகணக் கணக்கும் பாலாடைக் கணக்கும்

மேல் உதடு பிளந்த குழந்தையைப் பிரசவ அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் வராந்தாவில் ஒரு கேள்வி எழும்: "கிரகணத்தன்னிக்கு இவ வெளிய போனாளா? அரிவாமனையத் தொட்டாளா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே முதல் மூன்று நாள் ஓடிவிடும். அந்த மூன்று நாளில்தான் குழந்தைக்குப் பால் புகட்டும் முறையைத் தாயும் வீட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளாவிட்டால் எடை சரியும். எடை சரிந்தால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். ஆகவே இங்கே பால்தான் முதலில். கிரகணத்துக்கு அப்புறம் வருவோம். அதையும் விடப்போவதில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வி தாயின் மனதை அறுத்துக்கொண்டே இருக்கும்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் வருகின்றன. முழுமையாகச் சீர்செய்யக்கூடியவை. ஆனால் ஒரே அறுவை சிகிச்சையில் முடிகிற விஷயம் இல்லை. பதின்ம வயது வரை, கட்டம் கட்டமாகப் போக வேண்டிய வேலை.

முதல் நாள்: வாய்க்குள் பாருங்கள்

உதடு வெளியே தெரியும். அண்ணம், அதாவது வாயின் மேல்கூரை, தெரியாது. உதடு நன்றாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருக்கும் குழந்தைகள் பலருக்கு, மூக்கு வழியாகப் பால் வந்த பிறகுதான் விஷயமே தெரியவருகிறது. அதனால் எந்தக் குழந்தை பிறந்தாலும் விரலால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், டார்ச் வெளிச்சத்தில் நாக்கை மெல்ல அழுத்தி, உள்நாக்கு வரை பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தாலோ, அண்ணத்தின் நடுவே நீலம் பாரித்த கோடு ஓடினாலோ, மேல்தோல் மூடியிருக்க உள்ளே தசை மட்டும் சேராத பிளவாக இருக்கலாம். இந்த வகை பிறந்தபோது தப்பிவிட்டால், குழந்தை பேசத் தொடங்கி மூக்கால் பேசும்போதுதான் பிடிபடும்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, தாடை மிகச் சிறியதாகப் பின்வாங்கியிருக்கிறதா என்பது. அப்படி இருந்தால் மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும். மூச்சில் குறட்டை போன்ற ஓசை, மார்புக்கூடு உள்வாங்குதல், உதடு நீலமாதல் இவற்றில் எது தெரிந்தாலும் பால் புகட்டுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது, பிளவோடு வேறு குறையும் சேர்ந்திருக்கிறதா என்பது. இதயம், காது, விரல்கள், முதுகுத்தண்டு எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிளவு மட்டும் தனியாக இருக்கும் குழந்தைகளே அதிகம். இருந்தாலும் பார்த்துவிட வேண்டும்.

பால்: இதைக் கைப்பழக்கமாக்குங்கள்

உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க முடியும். மார்பின் மென்மையே அந்த இடைவெளியை அடைத்துவிடும். காற்று புகும் ஓசை கேட்டால் தாய் தன் கட்டைவிரலால் பிளவை மெல்ல மூடிக்கொள்ளலாம். குழந்தையைப் படுக்கவைக்காமல், தலை உயர்ந்திருக்கும்படி பிடித்தால் போதும்.

அண்ணம் பிளந்திருந்தால் நிலைமை வேறு. பால் சப்புவதற்கு வாய்க்குள் காற்றில்லாத இழுவிசை உருவாக வேண்டும். கூரையில் ஓட்டை இருப்பதால் அது உருவாகாது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். குழந்தை மார்பைப் பிடிக்கும், தாடையை அசைக்கும், நாற்பது நிமிடம் 'குடிக்கும்', பிறகு தூங்கிவிடும். வயிறு நிறைந்து தூங்குகிறது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அது களைத்துப் போய்த் தூங்குகிறது. உள்ளே போன பாலைவிடச் செலவழித்த சக்தி அதிகம். அணைப்புக்காக ஐந்து நிமிடம் மார்பில் வைத்துக்கொள்ளலாம், நல்லதுதான். ஆனால் அதைப் பால் கொடுத்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவர்களுக்குத் தாய்ப்பாலைக் கறந்து புகட்ட வேண்டும். கையால் கறப்பதென்றால், முலைக்காம்புக்குப் பின்னால் கருவட்டத்தின் ஓரத்தில் ஒருபுறம் கட்டைவிரலும் மறுபுறம் ஆள்காட்டி விரலும் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோல்மேல் விரலை இழுக்க வேண்டாம், புண்ணாகும். ஒரு நாளைக்கு 8 முறையாவது கறக்க வேண்டும், அதில் ஒன்று நள்ளிரவில். இரவில் விட்டுவிட்டால் சுரப்பு குறையத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் கறந்த பாலை வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைக்கலாம். சூடாக்குவதென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும், அடுப்பில் ஏற்றக் கூடாது.

புகட்டுவதற்கு நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பாலாடையே, சில ஊர்களில் சங்கு என்பார்களே, அதுவே ஏற்றது. பாட்டிமார் கைக்குப் பழகிய கருவி. பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுங்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, மடியில் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் வைத்து, கழுத்தின் பின்புறத்தை இடது கையால் தாங்குங்கள். மோவாய் மேலே அண்ணாந்திருக்கக் கூடாது, சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து நிறுத்துங்கள். விழுங்கட்டும். விழுங்கியது தொண்டையில் தெரிந்த பிறகு அடுத்த துளி. தொண்டைக்குள் நேராக ஊற்றக் கூடாது. ஒவ்வொரு 10, 15 மில்லிக்கும் ஒருமுறை நிமிர்த்தித் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள், இந்தக் குழந்தைகள் காற்றை நிறைய விழுங்கும். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் முறை எங்கோ தவறுகிறது. செவிலியர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

மூக்கு வழியாகப் பால் வரும். பதற வேண்டாம். நிறுத்தி, தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, துடைத்துவிட்டு, தும்மி முடிந்ததும் தொடருங்கள். இருமல் நிற்காமல் முகம் நீலமானால் மட்டும் அது வேறு: உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்த்தி, முதுகில் தட்டி, மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? முதல் நாள் எடை கிலோ ஒன்றுக்கு 60 மில்லி, பிறகு நாள்தோறும் 15 முதல் 20 மில்லி கூட்டி, ஒரு வாரத்தில் கிலோவுக்கு 150 மில்லி. மூன்று கிலோ குழந்தையென்றால் முதல் நாள் மொத்தம் 180 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 20, 25 மில்லி. வாரக் கடைசியில் மொத்தம் 450, வேளைக்கு 55 மில்லிக்குச் சற்று மேல். குறைமாதக் குழந்தைக்கும் வேறு நோயுள்ள குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவே சரி.

ஒரு நோட்டு போடுங்கள். நேரம், எத்தனை மில்லி, சிறுநீர் எத்தனை முறை, இவை மூன்றே போதும். ஒரு வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துத் தருவார்கள். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலும், 14 நாளாகியும் பிறந்த எடையைத் தொடாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

செய்யக் கூடாதவை சில உண்டு. புட்டியின் ரப்பர் காம்பில் கத்தரியால் பெரிய ஓட்டை போடாதீர்கள், பால் கொட்டி நுரையீரலுக்குள் போகும். பாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யாதீர்கள். சேனை வைப்பதாகத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஒருவகை நச்சு நோய் வரக்கூடும். இன்னும் முக்கியமானது எண்ணெய்க் குளியல். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் ஊதுவதும் எந்தக் குழந்தைக்குமே ஆகாது. அண்ணம் பிளந்த குழந்தைக்கு அது ஆபத்து. எண்ணெய் நேரே நுரையீரலுக்கு இறங்கி, லேசில் ஆறாத நிமோனியாவைக் கொண்டுவரும். குளிப்பாட்ட வரும் பாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "உடம்புக்கு மட்டும் எண்ணெய் போதும் பாட்டி, மூக்கும் வாயும் டாக்டர் பொறுப்பு."

கிரகணக் கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி

முதலில் உங்கள் மேல் உதட்டைத் தொட்டுப் பாருங்கள். மூக்கிலிருந்து உதடு வரை நடுவில் ஒரு பள்ளமும் அதன் இரண்டு பக்கமும் மெல்லிய வரம்புகளும் இருக்கும். கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. நெற்றிப் பக்கமிருந்து ஒரு பகுதி கீழிறங்குகிறது, இரண்டு கன்னங்களிலிருந்தும் பகுதிகள் உள்நோக்கி வளர்கின்றன, மூன்றும் மேல் உதட்டில் வந்து ஒட்டுகின்றன. அந்த வரம்புகள் ஏறத்தாழ ஒட்டிய இடத்தின் தடம். பிளவு பெரும்பாலும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக வருவது அதனால்தான். அதிலும் இடப்பக்கமே அதிகம். அண்ணமும் அப்படியே: நாக்கின் இரு பக்கமும் கீழ்நோக்கித் தொங்கும் இரண்டு தட்டுகள், நாக்கு தாழ்ந்ததும் மேலெழுந்து படுத்து, நடுவில் சேர்கின்றன.

ஆக, நம் எல்லோருக்கும் ஒரு காலத்தில் உதடு திறந்துதான் இருந்தது. இந்தக் குழந்தைக்கு அது சேராமல் நின்றுவிட்டது. முழுசாக இருந்த உதட்டை எதுவும் வெட்டவில்லை. வீட்டாருக்கு இந்த ஒன்று புரிந்துவிட்டால் கத்தியும் அரிவாள்மனையும் தாமாகவே விலகிவிடும். உங்கள் உதட்டைக் காட்டிச் சொல்லுங்கள், படம் வேண்டாம்.

அடுத்தது தேதி. உதடு கருத்தரித்த 4 முதல் 7 வாரத்துக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள்ளும் சேர்ந்து முடிகின்றன. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் வழக்கமான கணக்கில் இரண்டு வாரம் கூட்ட வேண்டும். சற்றுத் தாராளமாக எடுத்துக்கொண்டால் 42-ஆம் நாளிலிருந்து 84-ஆம் நாள் வரை. வளைகாப்பு முடிந்து, ஏழாம் மாதத்தில் வந்த கிரகணத்தைக் குற்றம் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். அதற்கு நான்கு மாதம் முன்பே உதட்டின் கதை முடிந்துவிட்டது.

கிரகணம் அந்த 42 நாளுக்குள்ளேயே வந்திருந்தால்? 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 3-க்கும் நவம்பர் 14-க்கும் இடையில் கடைசி மாதவிலக்கு வந்தவர்களுக்கு அன்று அந்தக் கட்டம். அவர்களுக்குப் பிரசவத் தேதி 2020 ஜூலை 9-லிருந்து ஆகஸ்ட் 20-க்குள் விழும். கிரகணம்தான் காரணமென்றால் பிளவோடு பிறக்கும் குழந்தைகள் அப்படிப்பட்ட சில வாரங்களில் மட்டும் குவிந்து பிறக்க வேண்டும், மற்ற மாதங்களில் யாருமே பிறக்கக் கூடாது. இந்தக் குழந்தைகளோ எல்லா ஆண்டும் எல்லா மாதமும் பிறக்கிறார்கள். கிரகணத்தன்று காய் நறுக்கிவிட்டு நல்ல உதட்டோடு பிள்ளை பெற்ற எண்ணற்ற பேரை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. பிளவோடு பிறந்த பிறகுதான் காலண்டரைப் புரட்டுகிறோம். புரட்டினால், பத்து மாதத்துக்குள் சூரியனுக்கோ சந்திரனுக்கோ ஏதாவது ஒரு கிரகணம் அகப்படத்தான் செய்யும்.

மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. கிரகணம் நிலாவைக் கடித்ததுபோல் குழந்தையின் வாயையும் கடிக்கும் என்பார்கள். அங்கே கர்ப்பிணி பாதுகாப்புக்காக உள்ளாடையில் இரும்பு ஊக்கு குத்திக்கொள்வாள், அல்லது சாவியை வயிற்றருகே கட்டிக்கொள்வாள். இங்கே இரும்பைத் தொடவே கூடாது என்கிறோம். அங்கே காக்கும் இரும்பு இங்கே வெட்டுகிறது! இங்கிலாந்துப் பக்கம் கிரகணமே தேவைப்படவில்லை, கர்ப்பிணியின் எதிரே முயல் குறுக்கிட்டதைக் காரணமாகச் சொன்னார்கள். முயலின் பிளந்த மேல் உதட்டைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு முயல் உதடு என்ற பழைய பெயரும் உண்டு. ஒரே பிளவுக்கு ஊருக்கு ஒரு காரணம். எல்லா ஊரிலும் விரல் நீள்வது தாயை நோக்கித்தான்.

இதைப் பெரியவர்களிடம் யார் சொல்வது என்பதும் முக்கியம். பிரசவமான பெண் தன் மாமியாரிடம் வாதாடும்படி விட்டுவிடாதீர்கள். கணவன் சொல்ல வேண்டும், தன் தாயிடம் தானே: "அம்மா, உதடு மூணாம் மாசத்துக்கு முன்னாடியே சேர்ந்து முடியணுமாம். இவளுக்கு மசக்கையே அப்பத்தான் ஆரம்பிச்சுது. இனிமே அந்தப் பேச்சு வேணாம். நீங்க பாலாடையில கொடுக்கப் பழகிக்குங்க, ராத்திரி ரெண்டு மணிப் பால் உங்க கையில." வேலை கொடுப்பதுதான் பழி பேச்சை நிறுத்தும் நல்ல வழி. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதையோ முடியிறக்குவதையோ தடுக்க வேண்டியதில்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதவரை. 'மூளி' என்ற சொல்லை மட்டும் முதல் நாளே வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.

அப்படியானால் காரணம்தான் என்ன? பெரும்பாலான குழந்தைகளில் ஒரே காரணத்தைக் கைகாட்ட முடியாது. பல மரபணுக்களின் சிறு பங்குகளும் சூழலின் பங்கும் சேர்ந்து வருவது. அபாயத்தைக் கூட்டுபவை என்று தெரிந்தவை சில: கர்ப்பத் தொடக்கத்தில் புகை, மது, கட்டுப்படாத சர்க்கரை நோய், வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற மருந்துகள், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை. ஸ்கேன் எடுத்ததால் வராது. சத்து மாத்திரை சாப்பிட்டதால் வராது. இந்தக் கடைசி இரண்டையும் அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் அந்தப் பயத்தில் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்குத் தயாராவது

பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பிளவு சிகிச்சைக் குழு உள்ள மருத்துவமனையில் பதிவு செய்துவிடுங்கள். பிளவு அகலமாக இருந்தால் மைக்ரோபோர் டேப் ஒட்டியோ, வாய்க்குள் பிளேட் பொருத்தியோ ஈறுகளை நெருங்கவைப்பார்கள். ஈறும் மூக்கின் குருத்தெலும்பும் இளசாக இருக்கும் முதல் வாரங்களில்தான் அவை நன்றாக வளைந்துகொடுக்கும். பணத்துக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் இந்தப் பிளவும் அடங்கும். மாவட்டத்தில் அதற்கான டி.இ.ஐ.சி. மையத்துக்கு (குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) அனுப்பும்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள். ஸ்மைல் டிரெய்ன் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

உதட்டுக்கு 3 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள். பழைய பத்துக் கணக்கு இன்றும் பயன்படுகிறது: வயது 10 வாரம், எடை 10 பவுண்டு அதாவது நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10 கிராம். அண்ணத்துக்கு 9-லிருந்து 18 மாதத்துக்குள், பேச்சு வேர்பிடிக்கும் முன்பே. 'கொஞ்சம் பெரிசாகட்டும்' என்று நாலு வயது வரை காத்திருந்தால் அண்ணத்தை மூடிவிடலாம், பழகிப்போன மூக்குப் பேச்சை மாற்றுவது பெரும்பாடு. ஈறின் பிளவில் எலும்பு வைப்பது 7-லிருந்து 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்குவதற்கு முன். காதையும் மறக்காதீர்கள். அண்ணம் பிளந்தவர்களுக்கு நடுக்காதில் நீர் கோத்து, கேட்கும் திறன் குறையும். காது கேட்கும் சோதனையை ஒருமுறையோடு விடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அறுவை நாளன்று தாய்ப்பால் கடைசியாகக் கொடுத்து 4 மணி நேரமும், பசும்பாலோ பவுடர் பாலோ என்றால் 6 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதற்காகவே இந்தப் பட்டினி. குழந்தை அழுகிறதே என்று யாராவது இரக்கப்பட்டு ஒரு பாலாடை ஊற்றிவிடுவது நடக்கிறது. ஊற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவை தள்ளிப்போகும், அவ்வளவுதான். சளி, காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

உதடு தைத்த பிறகு மீண்டும் பாலாடைதான். தையல்மேல் காயும் பொருக்கை மருத்துவமனையில் காட்டித்தந்தபடி துடைத்தெடுங்கள், நகத்தால் உரிக்கக் கூடாது. குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகாதபடி முழங்கையில் பட்டை கட்டச் சொன்னால், அவ்வப்போது ஒவ்வொரு கையாக அவிழ்த்து மடக்கி நீட்டிவிட்டுக் கட்டுங்கள். தழும்பு முதல் இரண்டு, மூன்று மாதம் சிவந்து தடிக்கும். 'ஆபரேஷன் கெட்டுப்போச்சு' என்று அப்போது முடிவுகட்டாதீர்கள். ஓராண்டுக்குள் அது மெல்ல மென்மையாகும்.

அண்ணம் தைத்தபின் 2, 3 வாரம் கஞ்சி, கூழாகப் பிசைந்த ரசம் சாதம், ஆறின பருப்புத் தண்ணீர். ஸ்பூனை உதட்டோரத்திலேயே நிறுத்துங்கள். முறுக்கு, பிஸ்கட், ஸ்ட்ரா, பென்சில், விசில் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. வாயிலிருந்து புது ரத்தம் வந்தாலோ, குடிப்பதை அடியோடு மறுத்தாலோ அன்றே போங்கள். பின்னாளில் மூக்கு வழியாகச் சாதத் தண்ணீர் கசிந்தால் தையலில் சிறு ஓட்டை விழுந்திருக்கலாம், அதையும் மூடலாம்.

பேச்சை வீட்டிலேயே கவனிக்கலாம். காற்று மூக்கில் கசிந்தால் 'பாப்பா' என்பது 'மாம்மா' போலவும், 'தாத்தா' என்பது 'நான்னா' போலவும் கேட்கும். சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்துப் 'பாப்பா' சொல்லவையுங்கள். கண்ணாடி மங்கக் கூடாது. 'மாமா' சொல்லும்போது மங்குவது சரி. 'பாப்பா'வுக்கும் மங்கினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பலூன் ஊதுவதால் பேச்சு சரியாகாது. ஒலியைச் சொல்லிச் சொல்லிப் பழகினால்தான் ஆகும்.

அடுத்த குழந்தை

பெற்றோர் இருவருக்கும் பிளவு இல்லாமல், பிளவோடு ஒரு குழந்தை இருந்தால், அடுத்ததற்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து. அதாவது 95 பேருக்காவது வராது. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கண்ணாடி முன் நின்றே பார்த்துக்கொள்ளலாம். தாய், தந்தை, குழந்தை மூவரின் கீழ் உதட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கோட்டின் இரு பக்கமும் ஊசிமுனையால் குத்தியதுபோல் சிறு குழிகள், சில சமயம் ஈரம் கசிந்தபடி இருந்தால், அது ஒரே மரபணுவால் தலைமுறை தலைமுறையாக வரும் வகையாக இருக்கலாம். அந்த வகையில் மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மரபணு ஆலோசகரைப் பார்க்காமல் அடுத்த கர்ப்பத்துக்குப் போக வேண்டாம். குடும்பத்தில் பலருக்குப் பிளவு இருந்தாலும், நெருங்கிய உறவில் மணந்திருந்து வேறு குறைகளும் சேர்ந்திருந்தாலும் இதே ஆலோசனைதான்.

கருத்தரிக்க மூன்று மாதம் முன்பிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுங்கள். முதுகுத்தண்டுக் குறைகளைத் தடுப்பதில் அதன் பயன் உறுதியானது. பிளவு விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும் விட்டுவிடக் காரணமில்லை. நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் முக்கியமான வாரங்கள் பாதி கடந்திருக்கும். வலிப்பு மாத்திரையைப் பயத்தில் நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பே தாயையும் கருவையும் பறித்துவிடக்கூடும். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைக்கும் ஆண்கள் இந்த வரியைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிரகணம் வந்தால் வீட்டுக்குள் இருப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை. சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது எல்லோருக்குமே கண்ணைக் கெடுக்கும். ஆனால் கர்ப்பிணியைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல், அசையாமல் படுக்கவைப்பது கெடுதல். பசித்தால் சாப்பிடட்டும், தண்ணீர் குடிக்கட்டும், மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும். பெரியவர்கள் மனத்திருப்திக்குச் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஒரு தர்ப்பைப் புல் கிடந்தால் கிடக்கட்டும்.

18-லிருந்து 22 வாரத்துக்குள், கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுக்கும்போது, முதல் குழந்தைக்குப் பிளவு இருந்ததைச் சொல்லி, உதட்டைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உதட்டுப் பிளவு பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கேனில் தப்பிவிடுவது சகஜம், ஆகவே பிறந்ததும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வதை விடாதீர்கள். ஸ்கேனில் தெரிந்தால் கையில் நாலு மாதம் இருக்கிறது: பிளவுக் குழு உள்ள மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வரலாம், பாலாடையும் நோட்டும் வாங்கி வைக்கலாம், ராத்திரி இரண்டு மணிப் பாலுக்கு யார் எழுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.